இரண்டு விரற்கடை

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள எனக்குத் திருடிப் பட்டம் கட்டிருவாங்க" என்றபடி பாலிஷ்காரி உள்ளே வந்தாள். பன்னிரண்டு வருடமாக ஒரே பட்டறையில் நகைக்கு மெருகு போடுபவள். நகக்கண்ணில் மெருகுப்பொடியின் சிவப்பு அப்படியே இருந்தது.

நகைகளைச் சோதித்தே பாதி ஆயுளைக் கழித்த லென்ஸ் அக்கா நாற்காலியைக் காட்டினாள்.

ஒரு வீட்டு அம்மா மெருகுக்குக் கொடுத்தது, பொன்கம்பியைக் கயிறுபோல் உருட்டிப் பின்னிய சங்கிலி. வாங்கும்போது பதினெட்டு அங்குலம், கொடுக்கும்போதும் பதினெட்டு. மறுநாள் அந்த வீட்டு மகள் அளந்தபோது இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

"எடை?"

"மெருகுக்கு வர்றதை எடை போட மாட்டோம்க்கா. அழுக்கு போய் எடை குறைஞ்சாலும் சண்டைக்கு வருவாங்க. நீளம் மட்டுந்தான்."

"வெட்டிட்டு ஒட்டியிருக்காங்க!" அக்காவின் கணவர், தையல்காரர், கத்தரியைக் காற்றில் ஆட்டினார். "கேஸ் முடிஞ்சுது."

"சும்மா வாங்க."

பட்டறையில் முதலாளியின் எதிரே அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் கையில் போன். "அஞ்சு மணி வரைக்குந்தான். போலீஸைக் கூப்பிட ஒரு நிமிஷம் ஆகாது" என்றாள்.

அக்கா சங்கிலியை விரல்மேல் போட்டு மெல்ல நகர்த்தினாள். தண்ணீராக வழிந்தது.

"இது வெட்டுப்படலை. பின்னலை நடுவுல வெட்டி ஒட்டினா, ஒட்டுற உலோகம் உருகிக் கம்பிக்குள்ள இறங்கி அந்த இடம் குச்சியா விறைச்சு நிக்கும். முனை ரெண்டுலயும் பழைய ஒட்டு அப்படியே இருக்கு."

"அப்ப எங்க போச்சு?" மகள் கேட்டாள்.

அக்கா கொக்கிப் பக்கத்தைக் காட்டினாள். அங்கே மட்டும் பின்னல் தடித்திருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். "அட, முழங்கைக்கு மேல தள்ளிவிட்ட பனியன் கை மாதிரி!"

"இப்பத்தான் உருப்படியா ஒண்ணு சொன்னீங்க. சின்ன வளையம் உள்ள எதையோ இதுல கோத்து, அவசரமா உருவியிருக்காங்க. வளையம் பின்னலைத் தள்ளிக் குவிச்சிருக்கு."

"எங்க வீட்டுல கோக்க ஒண்ணுமில்லை. இவ கைதான் தள்ளியிருக்கும்" என்றாள் மகள்.

அம்மாவின் கை மடியிலிருந்த கைப்பையை இறுக்கியது. அக்கா அதைக் கவனித்தாள். கேட்டுவிடலாம். ஆனால் கேட்டு வாங்கும் பதிலை அந்த அம்மா ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டாள். கேட்காவிட்டாலோ பழி இங்கேயே தங்கிவிடும். அக்கா பாலிஷ்காரியைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அந்தச் சிவந்த நகங்கள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன.

"லாக்கெட்" என்றாள் அம்மா. "உங்கப்பா படம் வெச்சது."

"குப்பையில போட்டேன்னு சொன்னியே! நம்மள விட்டுட்டுப் போனவரை…"

"சொன்னேன். மெருகு போட்டு வந்த ராத்திரி, சங்கிலியில கோத்து ஒரு தடவை கழுத்துல போட்டுப் பார்த்தேன். நீ கதவைத் தட்டினே, பிடுங்கி எடுத்தேன். அதாலதான் குறைஞ்சுதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பாலிஷ்காரி சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து, தடித்த இடத்தை இரு விரலால் நீவி நீவி இழுத்தாள். அளவுகோலில் தொங்கவிட்டாள். பதினெட்டு. முதலாளி குனிந்து பார்த்து, உரக்கச் சொன்னார்.

பாலிஷ்காரி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் கையை நீட்டினாள்.

"அந்த லாக்கெட்டைக் குடுங்கம்மா. வளையத்தைப் பெரிசாக்கித் தர்றேன்."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. கைப்பையைத் திறந்தாள்.