இருக்கிறீர்களா?

அந்த அறையின் சாவியை அக்கா ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தாள். தொலையாமல் இருக்கத்தான் அப்படிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள நான் போகும் மாலை வகுப்பில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்பதால் ‘டபுள் செக்’ என்று எனக்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். பகலில் நான் வீட்டிலிருந்தபடியே சின்னச் சின்ன இணையதள வேலைகள் செய்கிறேன். அவளுடைய தம்பியும் அதே தொழில்தான் செய்தார். தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், லேப்டாப்பின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். பல நாள் கழித்துக் கதவைத் திறந்தது அக்கா.

“பாப்பா மொதல்ல நடந்தது, பல்லு மொளைச்சது, எல்லாத்தையும் அவன்தான் புடிச்சு வெச்சான். அப்பல்லாம் நான் வேலைக்கு வர்றப்ப அவன்கிட்டதானே விட்டுட்டு வருவேன். என் போன் தண்ணியில விழுந்ததுல என்கிட்ட ஒரு படம் இல்ல. அவன் சைட்டோட பேக்கப்லதான் எல்லாம் இருக்கு. சைட்டுக்கு வாடகை கட்டலைன்னு இந்த வாரத்தோட அதையும் மூடிடுவாங்களாம். எடுத்துக் குடுத்துடு.”

“லேப்டாப்ப இங்க கொண்டாந்தா நானே பார்த்துருப்பேனேக்கா.”

“அது என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது,” என்றாள். “போய்ப் பாரு, உனக்கே தெரியும்.”

மதியம் போனேன். நல்ல வெயில். கீழ்த்தளத்துத் தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“மேல் ரூமா? பாவம்மா அந்தத் தம்பி. நாங்க கண்டுக்கலன்னு எல்லாரும் திட்டுறாங்க. ஆனா தினம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டுச்சே. ஆளு இருக்காருன்னுதானே நெனப்போம்?”

சாவியைத் திருகிக் கதவைத் தள்ளினேன்.

முதலில் எலுமிச்சை வாசனைதான் வந்தது. யாரோ தரை கழுவும் திரவத்தைப் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்திருந்தார்கள். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பூச்சாடியில் மாற்றாமல் விட்ட தண்ணீரின் நாற்றத்தில் பழைய கொழுப்பைக் கலந்தது போல, லேசான தித்திப்போடு. மூக்கைப் பொத்திக்கொண்டு வாயால் மூச்சு விட்டேன். அது பெரிய தப்பு. நாற்றத்துக்கு ருசி உண்டு என்பது அப்போது தெரிந்தது.

நாற்காலியை எடுத்துப்போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் தேன் நிறம். அந்த ஓரத்தை மிதித்துவிட்டேன். செருப்பு ஒட்டி, ‘ப்ச்’ என்று பிரிந்து வந்தது.

லேப்டாப் மேஜைமேல் திறந்தபடியே இருந்தது. பொத்தான்களின் மேல் மஞ்சளாக ஒரு படலம். இடுக்குகளில் சீரகம் போல ஏதோ சிந்திக் கிடந்தது. சாப்பிட்டுக்கொண்டே வேலை செய்திருப்பார் என்று எண்ணி ஒன்றை நகத்தால் நெம்பினேன். உள்ளே ஒன்றுமில்லாத கூடு. ஒரு பக்கம் திறந்திருந்தது. ஈ பிறந்து பறந்துபோன கூடு.

ஜன்னலுக்கு ஓடி வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் தன் குழந்தை முதலில் நடந்ததைப் பார்க்க அக்காவுக்கு வேறு வழியில்லை. பையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துத் துடைத்தேன். பஞ்சு ஒவ்வொன்றும் பழுப்பாக வந்தது. ஒரு பொத்தான் மட்டும் எவ்வளவு துடைத்தும் பிசுபிசுத்தது.

லேப்டாப் உயிர்பெற்றதும் அவருடைய இணையதளம்தான் வந்து நின்றது. ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் வாங்க’ என்ற தலைப்பின் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ, ‘சார், இதுல நிஜமாவே வருமானம் வருமா?’ என்று கேட்டிருந்தார்கள்.

பேக்கப்பின் பாஸ்வேர்டு இந்த லேப்டாப்புக்கு மட்டும்தான் தெரியும். திறந்தேன். பாப்பாவின் படங்கள் தனி ஃபோல்டரில் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு படத்தில் செருப்பைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அந்த அறையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஃபோல்டரிலும் பாப்பா இருப்பாளோ என்று திறந்தேன்.

மணிநேரக் கணக்கில் கூலி தரும் தளங்களில் ஒரு மென்பொருள் தருவார்கள். நாம் உண்மையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறோமா என்று பார்க்க, அது அவ்வப்போது நம் முகத்தையும் திரையையும் படம் பிடிக்கும். இடையிடையே திரை நடுவில் ஒரு பெட்டி வரும். ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். சட்டென்று ‘ஆம்’ என்பதைச் சொடுக்காவிட்டால் கணக்கு நின்றுவிடும். என் லேப்டாப்பிலும் அது உண்டு. பாத்ரூம் போய் வந்ததற்கெல்லாம் எனக்குக் கூலி வெட்டியிருக்கிறது.

அந்தப் படங்கள்தான் ஃபோல்டர் முழுக்க. டீ குடிக்கிறார். கொட்டாவி விடுகிறார். நெஞ்சைத் தேய்க்கிறார்.

அப்புறம் தலை கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது.

அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

மென்பொருள் நிற்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மாறியது; அவர் நிறமும் மாறியது. கன்னம் உப்பிப் பளபளத்தது. உதட்டின் மேல் இருந்த கறுப்புப் புள்ளி அடுத்த படத்தில் மூக்கில் இருந்தது. பிறகு நிறையப் புள்ளிகள். வாய் அசைவது போலத் தெரிந்தது. அசைந்தது வாய் இல்லை, வாய்க்குள் இருந்தவை.

பாதியில் நிறுத்தினால் பாப்பாவின் படம் எதையாவது தவறவிட்டுவிடுவேனோ என்று கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். அதனால்தான் அவர் திரையைப் பிடித்த படங்களையும் பார்த்தேன்.

எழுதும் பக்கம் முழுக்க ஒரே எழுத்து வரிவரியாக ஓடியிருந்தது. கன்னம் அழுத்தியதால் வந்தது. அது புரிந்தது. ஆனால் அதன் நடுவில் அந்தப் பெட்டி இருந்தது. அம்புக்குறி ‘ஆம்’ மேல் நின்றது.

ஒவ்வொரு முறையும் ‘ஆம்’.

கன்னத்தால் அதைச் செய்ய முடியாது. யாராவது அம்பை நகர்த்திக் கொண்டுபோய்ச் சொடுக்க வேண்டும். முகப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன.

கடைசித் திரைப் படத்தின் கீழே, வேலை கொடுத்தவர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். ‘இடைவேளையே எடுக்காத உழைப்பாளி. இவர் மாதிரி ஆள் கிடைப்பது அரிது.’

அந்த ஃபோல்டரை மூடினேன்.

சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பது மட்டுமே மனதில் இருந்தது. என் போனின் இணைப்பில் படங்கள் ஊர்ந்து ஊர்ந்து இறங்கின, அடிக்கடி அறுந்தன. அதனால் என் லேப்டாப்பை அவருடைய பேக்கப்போடு இணைத்தேன். இரண்டு வழிகள் காட்டியது. ஒன்று, நகல் எடுப்பது. மற்றொன்று, இரண்டு பக்கத்தையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இரண்டாவது பேக்கப்பே இல்லை என்று வகுப்பில் எங்கள் மாஸ்டர் தலையால் அடித்துக்கொள்வார். இங்கே இருப்பது அங்கே போகும், அங்கே இருப்பது இங்கே வரும், ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். ஆனால் அறுந்தால் அதுவே தொடர்ந்துகொள்ளும், வீட்டிலிருந்தே மிச்சத்தை இறக்கலாம்.

இரண்டாவதை அழுத்தினேன். பாப்பாவின் ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுத்ததாகத்தான் ஞாபகம். ஒரு தடவைதான் பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா என் அறை வாசலில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“என்னடி, எலி ஏதாவது செத்துக் கிடக்கா? குளிச்சியா நீ?”

“குளிச்சேம்மா.”

“அப்ப இன்னொரு தடவ குளி.”

என் லேப்டாப்பைத் திறந்தேன். விரலில் ஏதோ பிசுபிசுத்தது. நேற்று எவ்வளவு துடைத்தும் போகாத அதே பொத்தான். தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். மேஜையில் ஒரு சீரகம் விழுந்தது.

பாப்பாவின் ஃபோல்டர் வந்திருந்தது. கூடவே மற்றதும். எல்லாமும்.

அவருடைய படங்களின் வரிசையில் கடைசியாக நான் இருந்தேன். அன்று காலை எடுத்த படம், இதே நாற்காலியில். என் கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த படம் வந்து சேர்ந்தது. அதில் என் தலை கொஞ்சம் குனிந்திருந்தது. நான் குனியவில்லை. அடுத்ததில் இன்னும் குனிந்திருந்தது. உதட்டோரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

உதட்டைத் துடைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை.

திரை நடுவில் பெட்டி வந்தது.

இருக்கிறீர்களா?

கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அம்பு தானாக நகர்ந்தது. வயதானவர் படியேறுவது போல, நின்று நின்று. ‘ஆம்’ மேல் போய் அமர்ந்தது.

டிக்.

அப்போதே எல்லாவற்றையும் அழித்திருப்பேன். ஆனால் அழித்தால் இரண்டு பக்கமும் போய்விடும். அதோடு பாப்பாவும் போய்விடுவாள். கேமராவில் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, பாப்பாவின் படங்களை மட்டும் ஒரு புது பென் டிரைவில் போட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நடக்கிறாள், விழுகிறாள், செருப்பைக் கடிக்கிறாள். வேறு யாரும் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பிறகு பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் அழித்தேன். அந்தக் கூலிக் கணக்கு மென்பொருளையும் நீக்கினேன்.

சாயங்காலம் அம்மா எட்டிப் பார்த்து, “இப்பத்தான் மனுஷங்க இருக்கிற ரூம் மாதிரி இருக்கு,” என்றாள்.

வகுப்பில் பென் டிரைவை நீட்டியபோது அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “சரியா பார்த்தியா?”

“ரெண்டு தடவ.”

“பின்ன, சும்மாவா உனக்கு அந்தப் பேரு?” என்று சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தாள். குரலே வேறு மாதிரி, இளமையாக இருந்தது.

“எல்லாத்தையும் பார்த்துட்டோம். ‘யாரும்மா இந்த பேபி’ன்னு அவளையே பார்த்து அவளே கேக்குறா. வீட்டுக்காரரோட லேப்டாப்ப விடவே மாட்டேங்குறா. ஆமா, ஒண்ணு கேக்கணும். நடுவுல ஒரு பெட்டி வருதே, இருக்கீங்களான்னு. அது நீ வெச்சதா?”



“நீங்க அழுத்துனீங்களாக்கா?”

“நான் அடுப்படியில இருந்தேன். வர்றதுக்குள்ள போயிடுச்சு.”

“பாப்பா?”

“அவ தொடலையாம். மாமா தொட்டாராம்.” சின்னதாகச் சிரித்தாள். “படத்தப் பார்த்துப் பார்த்து அவன் நெனப்பு வந்துடுச்சு போல.”

“அக்கா, அத மூடுங்க. ஒயர புடுங்குங்க. இப்பவே.”

“என்னாச்சு? இரு... பாப்பா, என்ன அதுமேல படுத்திருக்க? கன்னத்த எடு. எந்திரி.”

போனில் ஒரு சத்தம் கேட்டது. ஒரே பொத்தான் நிற்காமல் அழுந்திக்கொண்டிருக்கும் சத்தம்.

“எந்திரின்னு சொல்றேன்ல. சீ, என்னடி ஒட்டுது?”

போனை எங்கோ வைத்தாள். நாற்காலி இழுபட்டது. ஏதோ பட்டென்று மூடியது. பிறகு குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு குழந்தையின் அழுகை எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை. நன்றாக, உரக்க, மூக்கு ஒழுக அழுதாள்.

அக்கா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். “மூடிட்டேன். ஒயர புடுங்கிட்டேன். பயந்துட்டா, வேற ஒண்ணுமில்ல. தூக்கி வெச்சிருக்கேன்.”

“பேட்டரிய கழட்ட முடியுமா பாருங்க.”

அழுகைக்கு நடுவே, மூடிய லேப்டாப்பிலிருந்து அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டிக்.

“அக்கா? இருக்கீங்களா?”

மூக்கைப் பொத்திக்கொண்டவளின் குரலில் மெல்லச் சொன்னாள்.

“டபுள் செக்... இந்த நாத்தம் எனக்குத் தெரியும்.”