பக்கத்தில் வந்து அனுப்பு

ரவுட்டர் அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கியது. அதன் பச்சை விளக்குகள் எல்லாம் ஒழுங்காகக் கண் சிமிட்டின. ஆனால் அதற்கு நேர் கீழே சோபாவில் உட்கார்ந்தால் லேப்டாப்பில் வைஃபை ஒரு கோடுகூடக் காட்டவில்லை. எழுந்து, அதைவிட்டு விலகி, சாப்பாட்டு மேசையைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் போனால் இரண்டு கோடு வந்தது. இத்தனை வருஷமாகப் பம்ப்பையும் மோட்டாரையும் பிரித்துப் பூட்டியவளுக்கு, யாரோ முகத்துக்கு நேராகப் பொய் சொல்வதுபோல எரிச்சலாக இருந்தது.

“கிட்ட வந்தா வராது, தள்ளிப் போனா வரும். நல்ல ரவுட்டர்டா சாமி,” என்று முணுமுணுத்துக்கொண்டே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

காகித ஆலையின் பெரிய பம்ப்பைப் பார்க்க வந்திருந்தாள். ஆலைக்குச் சொந்தமான அந்த விடுதியில் அவளைத் தவிர வேறு ஆள் தங்கியிருக்கவில்லை. மதியம்தான், ஆனாலும் மழை ஜன்னல்களை இருட்டடித்திருந்தது. ஓடு வழியாக இறங்கிய தண்ணீர் எங்கோ ஒரு தகரக் குழாயில் கொடகொடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கைப்பேசியில் டவர் செத்துப் போயிருந்தது. ஐந்து மணிக்குள் ஒரு மெயில் போயாக வேண்டும்.

போன மாதம் இன்னொரு ஆலையில் பம்ப்பின் அழுத்தமானி வெடித்து, அதன் கண்ணாடி ஃபிட்டர் அண்ணனின் இடது கண்ணில் பாய்ந்தது. வேலையில் சேர்ந்த நாள்முதல் அவளுக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன். ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட முகத்தோடு, “பைப்பைப் பாக்க ஒரு கண்ணு போதும்மா. நீ எதுக்கு அழுவுற?” என்று அவளைத் தேற்றினார். அந்தக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று அவள் முன்பே தன் கம்பெனி மேனேஜரிடம் வாயாலும் சொன்னாள், படம் எடுத்தும் காட்டினாள். “அடுத்த மாசம் பாக்கலாம்” என்று அவர் தள்ளிவிட்டார். நேற்று அதே மேனேஜர், இவள் எதையுமே தெரிவிக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். இன்று ஐந்து மணிக் கூட்டத்தில் அது முடிவாகிவிடும். முடிவானால் அவளுக்கு வேலை போகும். அண்ணனுக்குச் சேரவேண்டிய நஷ்டஈடும் சேராது.

மேனேஜருக்கு ஆபீஸில் கடுகு என்று பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிக்கிற கடுகு. மேலிடத்தின் முன்னால் மட்டும் வெண்ணெய்.

படங்களையெல்லாம் சேர்த்து, கடுகுக்கும் மேலிடத்துக்கும் ஒரே மெயிலாக அனுப்பினாள். நீலக் கோடு மெல்ல நகர்ந்து, முக்கால்வாசிக்கு வந்து நின்றது. மறுபடி அழுத்தினாள். போய்விட்ட மாதிரி இருந்தது. உடனே கடுகின் பெயரில் பதில் வந்தது.

“கிடைக்கவில்லை. மறுபடி அனுப்பு.”

அனுப்பு. அவள் பல்லைக் கடித்தாள். உள்ளுக்குள் எத்தனை விஷம் இருந்தாலும் கடுகு இதுவரை அவளை ‘நீங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறான். பழி போட்ட கையோடு மரியாதையையும் கழற்றி வைத்துவிட்டானா? அந்த நிமிஷமே அவள் மனசிலும் ‘அவர்’ போய் ‘அவன்’ வந்தாயிற்று.

படிக்கட்டின் அடியில் ஒரு கதவு ஒருக்களித்திருந்தது. அதற்குள் லேப்டாப்பை நீட்டினால் மூன்று கோடு. கீழே இறங்கும் படிகள் ஈரத்தில் மினுமினுத்தன. சோப்புத் தூளும் பழைய ஈரத் துணியும் கலந்த வாடை மூக்கில் அடித்தது. சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டபோது, துணி துவைக்கும் அறை ஒன்று மஞ்சள் வெளிச்சத்தில் சோம்பலாகக் கண் விழித்தது. மூலையில் வாய் திறந்தபடி ஒரு வாஷிங் மெஷின். கொடியில் மடிப்பு மடிப்பாய்ப் படுக்கை விரிப்புகள். நடுவில், இடுப்பு உயரத்துக்கு ஓர் இஸ்திரி மேசை. எதிர்ச் சுவரில், குனிந்து நுழையும்படி தாழ்வாக ஒரு கதவு. மேலே கேட்ட மழையின் சத்தம் இங்கே, யாரோ தலையணையை வைத்து அமுக்கியதுபோல அடங்கிக் கிடந்தது.

இஸ்திரி மேசையில் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் சொருகி, அனுப்பினாள்.

“பாதிதான் வந்தது. மறுபடி அனுப்பு.”

அனுப்பினாள்.

“தெரியவில்லை. மறுபடி அனுப்பு.”

“தெரியலையா? உனக்குமா கண்ணு போச்சு?” என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். குரல் விரிப்புகளில் மோதி அமுங்கிப் போனது. காது மடல்கள் சூடேறின. மேலும் பத்துப் படங்களைச் சேர்த்தாள். படங்களுக்கு மேலே, இத்தனை நாள் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் கொட்டினாள். ஒரு மனுஷனின் கண்ணைப் பறித்துவிட்டு எப்படி ஐயா சோறு இறங்குகிறது என்று கேட்டாள். விரல்கள் விசைகளின் மேல் குத்திக் குத்தி விழுந்தன. அவள் நிறுத்திய பிறகும் விசைச் சத்தம் நிற்கவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. டக், டக், டக். தாழ்வான கதவுக்கு அந்தப் பக்கம். தண்ணீர் சொட்டுகிறதாக்கும் என்று விட்டுவிட்டாள். கோபத்தில் இருக்கிறவளுக்குச் சொட்டுத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை?

அனுப்பினாள். பதில் வந்தது.

“பக்கத்தில் வந்து அனுப்பு.”

அவள் இரண்டு தடவை படித்தாள். கிண்டலா? நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஏசியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் வா என்கிறானா? அவள் எதுவும் எழுதுவதற்கு முன்பே அடுத்தது வந்து விழுந்தது.

“இன்னும் கொஞ்சம் உள்ளே வா.”

இதற்கு மேல் எழுதிப் பயனில்லை. போனிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். படங்கள் இன்னொரு முறை ஏறிக்கொண்டிருந்தன, நீலக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அது ஏறட்டும் என்று லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியேறினாள். மழையில் நனைந்துகொண்டே வாசல் காவல் அறைக்கு ஓடினாள்.

காவலாளி, ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர், பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். 

“உங்க போன்ல டவர் இருக்கா? ஒரே ஒரு கால் பேசணும். இந்த நெட்டைக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியல.”

“இங்க நின்னா டவர் வரும் மேடம், பேசுங்க.” பட்டன் போனை நீட்டியவர், கையை நீட்டியபடியே நின்றார். “நெட்டுன்னா எந்த நெட்டு? போன வாரக் காத்துல கம்பம் சாஞ்சதுலருந்து லைனே இல்லையே. அந்தப் பெட்டில லைட்டு மட்டும்தான் எரியும்.”

“லைன் இல்லையா? அப்ப மதியத்துலருந்து நான் என்ன, ஈ ஓட்டிக்கிட்டிருக்கேனா? கீழ துணி ரூம்ல முழுசா வருது!”

அவர் டீயை உறிஞ்சவில்லை. மூடியைக் கீழே வைத்தார். “கீழ போனீங்களா,” என்றார். கேள்வியாக இல்லை. பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு, “படி வழுக்கும். சொல்ல மறந்துட்டேன்,” என்றார்.

“வழுக்கலை. வேற ஏதாவது சொல்ல மறந்தீங்களா?”

அவர் மறுபடி டீ மூடியைக் கையில் எடுத்தார். அவருக்கும் சேர்த்து ஒரு கோபத்தை மனசில் ஒதுக்கி வைத்துவிட்டு, மனப்பாடமாய்த் தெரிந்த எண்ணை அழுத்தினாள்.

“வணக்கம், யாருங்க?” கடுகின் குரல். பின்னணியில் கார் ஹாரன்.

“நான்தான். என் மெயில் வந்துச்சா இல்லையா?”

“அட, நீங்களா! எந்த மெயில்? காலைலருந்து நம்ம சர்வரே படுத்துக்கிச்சே. யாருக்கும் ஒண்ணும் வரல, போகல. அதான் கூட்டத்தையும் முன்னாடியே முடிச்சிட்டோம்.”

“முடிச்சிட்டீங்களா?”

“உங்க பக்கத்துலருந்து ஒண்ணும் வரலையேம்மா. நான் என்ன பண்ண முடியும்? உங்க கவனக்குறைவுன்னு போட்டாச்சு. மனசுல வெச்சுக்காதீங்க.”

மழை காவல் அறைக் கூரையைச் சாத்து சாத்தென்று சாத்தியது. அவள் போனைக் காது வலிக்க அழுத்திப் பிடித்தாள்.

“அப்ப அனுப்பு, உள்ள வான்னு எனக்கு மெயில் போட்டது யாரு?”

“என்ன பேசறீங்க? நான் உங்களை என்னிக்காவது வா, போன்னு சொல்லியிருக்கேனா?”

இல்லை. ஒருநாளும் இல்லை. போன் துண்டித்துக்கொண்டது.

பயம் வரவேண்டிய இடத்தில் முதலில் கோபம்தான் வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தது. முடித்துவிட்டார்களாம். சரி. படங்கள் அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன, வேறெங்கும் இல்லை. அதை எடுத்துக்கொண்டு கிடைக்கிற பஸ்ஸில் ஏறி, விடிந்ததும் மேலிடத்தின் மேசையில் திறந்து வைக்கிறேன். மெயில் போடுகிற வேலையே வேண்டாம். யாருடைய விளையாட்டோ, என்ன எழவோ, லேப்டாப்பை எடுக்கிறேன், போகிறேன்.

“மேடம்,” என்றார் காவலாளி. “காலைல போயி எடுத்துக்கலாமே.”

“காலைல என்ன மாறிடும்?”

அவர் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கூடத்தில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் அவளைப் பார்த்துச் சிமிட்டிக்கொண்டிருந்தன. படிக்கட்டின் அடிக் கதவு இப்போது அகலத் திறந்திருந்தது. கீழே மஞ்சள் விளக்கு எரியவில்லை. ஸ்விட்சைத் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி இறங்கினாள். வாடை மாறியிருந்தது. சோப்பு மணம் போய், வெகுநாள் யாரோ எழுந்திருக்காமல் படுத்திருந்த படுக்கையின் வாடை, வியர்வையும் எச்சிலும் பஞ்சும் ஊறிய புளிப்பு, தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நனைந்த சட்டை முதுகோடு பிசுபிசுத்தது. விரிப்புகள் காற்றே இல்லாமல் லேசாக அசைந்து, ஒவ்வொன்றாக நின்றன.

இஸ்திரி மேசை காலி.

சார்ஜர் கம்பி மட்டும் சுவரிலிருந்து இறங்கி, தரையில் விறைப்பாக ஓடி, தாழ்வான கதவின் அடியில் நுழைந்திருந்தது. இடுக்கில் நீல வெளிச்சம்.

டக், டக், டக்.

“யாரது?” அதட்டத்தான் நினைத்தாள். காற்றுத்தான் வந்தது.

சத்தம் நின்றது. உள்ளே எதுவோ காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தொடங்கியது.

அவள் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. அது எதிலும் மாட்டியிருக்கவில்லை, அந்தப் பக்கம் எதுவோ அதைப் பிடித்திருந்தது. கை அதை உணர்ந்த வேகத்தில் விட்டுவிட்டது. திரும்பி ஓடு என்றது உடம்பு. கண் போன மனுஷனுக்கு என்ன சொல்வாய் என்றது அவளுடைய கோபம், கடைசித் தடவையாக.

குனிந்து கதவைத் தள்ளினாள்.

சின்ன அறை. ஜன்னல் இல்லை. சுவருக்குச் சுவர், தரையிலிருந்து கூரைவரை, கழித்துப்போட்ட மெத்தைகள். கறை படிந்தவை. ஒன்றன்மேல் ஒன்றாக, நகத்தையும் நுழைக்க முடியாத நெருக்கத்தில். அவற்றின் முன்னால் தரையில் லேப்டாப், திறந்தபடி. திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது.

லேப்டாப்பின் விசைகளை யாரும் தொடவில்லை.

ஆனால் திரையில் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன. அவள் பெயரில். கடுகுக்கு. மேலிடத்துக்கு. ஃபிட்டர் அண்ணனின் மகளுக்கும்.

“எல்லாம் என் தவறுதான்.”

டக், டக்.

“என்னைத் தேட வேண்டாம்.”

டக்.

“நான் இங்கேயே இருந்துகொள்கிறேன்.”

கைப்பேசி விளக்கு கீழே இறங்கியது. அடி மெத்தைக்கும் அதற்கு மேல் மெத்தைக்கும் நடுவே. அந்த நெருக்கத்தில். இரண்டு கைகள். முழங்கைவரை வெளியே நீண்டிருந்தன. தோல் ஊறி வெளுத்து, விரல் நுனிகளில் நகமே இல்லாமல். வெறும் சிமெண்டுத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. அவை தட்டிய இடமெல்லாம் தரை குழி குழியாகத் தேய்ந்திருந்தது. வரிசை வரிசையாக.

மெயில் போய்விட்டது. சிணுங்கலாக ஓர் ஒலி.

விரல்கள் நின்றன.

படியின் மேலே எங்கோ கதவு சாத்தும் சத்தம். அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கத்த வாய் திறந்தது. இத்தனை நேரம் அவளைத் தூக்கி நிறுத்தியிருந்த கோபத்தைத் தேடினாள். அது இல்லை. எங்கேயும் இல்லை.

வலது கை மெல்லத் தரையைவிட்டு எழுந்தது. நகர்ந்தது. தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தில், வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரச் சொல்வதுபோல, உள்ளங்கையால் இரண்டு முறை, ஆசையாகத் தட்டியது.