எந்த ராணி?

துக்கம் முடிந்து சபை கூடிய முதல் காலை, வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் நான்தான் மண்டபத்துக்குள் போனேன். தலைநகரான தீசபோனின் அரண்மனையில் எனக்குத் திரை பிடிக்கிற உத்தியோகம். சிரிக்க வேண்டாம். என் மாமனார் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டார்.

சிம்மாசனத்தில் ஒன்பது வயது அரசர். கிரீடம் அவர் தலைக்கு மேலே சங்கிலியில் தொங்கும்; தலையில் வைத்தால் பிள்ளையின் கழுத்து தாங்காது. அவருக்குப் பின்னால் கனத்த சிவப்புத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் அவருடைய தாய். அவர் மெல்லச் சொல்வார். நான் "அரசர் ஆணை!" என்று முழங்கி அதையே திருப்பிச் சொல்வேன். ஆணையிட்ட அரசர் அந்த நேரத்தில் பெரும்பாலும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

இனி முக்காலிக்கு ஆள் இல்லை. காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. எங்கள் வழக்கப்படி, உடலை நாய் ஒருமுறை பார்த்தால்தான் சாவு சாவாகும். கண்ணுக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த அந்த நல்ல நாய், ராணியம்மாவின் உடலைப் பார்க்கவே இல்லை. சபை மண்டபத்தின் பக்கம் தலையைத் திருப்பி, வாலைச் சுருட்டிக்கொண்டு முனகியது. பூசாரி அதன் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். நாய் கண்ணை மூடிக்கொண்டது.

முதல் மனுதாரர் அனோஷி. வேறு யார்? மூன்று வருடமாக ஒவ்வொரு சபைக்கும் வருகிற விதவை. அவள் மகன் மறதிக் கோட்டையில் இருக்கிறான். அங்கே போனவனின் பெயரை யார் உச்சரித்தாலும் தலை போகும்.

வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு அவள் மண்டியிட்டாள். அரசர் முன்னால் எல்லோரும் அப்படித்தான். நம் மூச்சு அவர் மேல் படக்கூடாது.

"என் பையனை விட்டுருங்க சாமி."

"எந்தப் பையன்?" என்றார் மந்திரி சர்வான்தாத்.

"கோட்டைக்குள்ள இருக்கானே, அவன்."

"உள்ள நானூறு பேர் இருக்கானுங்க. பேரைச் சொல்லும்மா."

"சொன்னா தலையை எடுத்துருவீங்களே!"

"எடுத்துருவோம். சட்டம்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"பேரைச் சொல்லு."

இந்தக் கூத்தை மூன்று வருடம் கேட்டவன் நான். ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னால் பல் நறநறக்கும். "விடுதலை செய்" என்று ராணியம்மா எத்தனை தடவை சொன்னாரோ, அத்தனை தடவையும் மந்திரி பணிவாகக் கேட்டார்: "யாரை?" கடைசியில் ராணியம்மா அனோஷியை அந்தப்புரத்துக்கே அழைத்து, பெயரைக் காதோடு காதாக வாங்கிக்கொண்டார். "நாளைக்குச் சபையில நானே சொல்றேன், பார்த்துக்கலாம்" என்றாராம். அன்று மாலையே அவருக்குக் காய்ச்சல்.

அனோஷி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தம்பி, நீயாவது ஏதாவது..."

நான் தரையைப் பார்த்தேன். வீரம் எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அப்போது வாசனை வந்தது.

சீமைமாதுளம்பழ வாசனை. ராணியம்மா சபை முடியும்வரை மடியில் ஒரு பழத்தை வைத்து உருட்டிக்கொண்டிருப்பார்.

கையில் பிடித்திருந்த திரை மெல்ல உள்ளே போனது. வெளியே வந்தது.

மறுபடி உள்ளே போனது.

காற்று இல்லை. மேலே கிரீடத்தின் சங்கிலிகூட அசையவில்லை.

"வேஹ்சாத்" என்றது திரை.

மூன்று வருடமாக யாரும் உச்சரிக்காத அந்தப் பெயர். அனோஷியிடமிருந்து ஓர் ஒலி வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது.

"எவன்டா அது?" மந்திரி என்னைத்தான் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். திரைக்கு அருகில் நின்றது நான் ஒருவன்தானே!

"ஐயோ, நான் இல்லீங்க! என் குரலைப் பாருங்க, தவளை மாதிரி. அது..."

"வேஹ்சாத்தை விடு."

அரசர் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார்.

"அம்மா" என்றார்.

மந்திரியின் வாய்த்துணி நடுங்கியது. ஆனாலும் மந்திரி மந்திரிதான். "திரைக்காரா, முறைப்படி சொல்லு. யார் ஆணை?"

நான் வாயைத் திறந்தேன். பழகிப்போன வாய். "அரசர் ஆ..."

திரைத்துணிக்குள்ளிருந்து விரல்கள் என் கையைப் பிடித்தன.

ஐந்து விரல்களும் சில்லென்று.

அவை நெரித்தன. வலித்தது. இத்தனை வருடம் ராணியம்மா சொன்னதையெல்லாம் நான் வேறொருவர் பெயரில் கூவியிருக்கிறேன்.

"ராணி!" என்று கத்தினேன். "ராணி ஆணை!"

பிடி தளர்ந்தது.

"எந்த ராணி?" என்றார் மந்திரி. "ராஜ்யத்துல பதினாறு ராணி இருக்காங்க. பேர் இல்லாம ஆணை எப்படிச் செல்லும்?"

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. எங்களுக்கு அவர் அரசரின் தாய். முத்திரையில் 'ராணிகளின் ராணி'. அரசரைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்து யோசித்தது.

"அம்மா பேரு... அம்மா" என்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராஜ்யத்தில் முதல்முறையாகத் தன் குரலில் ஆணையிட்டார். "அந்த வேஹ்சாத்தை விட்டுருங்க. நானே சொல்றேன்."

அரசரே பெயரைச் சொன்ன பிறகு யார் தலையை எடுப்பது?

வேஹ்சாத் வெளியே வந்தான், எலும்பும் தாடியுமாக. அனோஷி அவன் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "தம்பி, அந்த மகராசி பேர் என்ன? நெருப்பு முன்னால பேரைச் சொல்லி வேண்டிக்கணும்."

தாதிகளைக் கேட்டேன். "அம்மான்னுதான் கூப்பிடுவோம்." பூசாரியைக் கேட்டேன். "அரசரின் தாய்னு சொல்லித்தான் மந்திரம் ஓதினோம்." மந்திரியைக்கூடக் கேட்டேன். "உனக்கு எதுக்குடா?" என்றார், அவருக்கும் தெரியாது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டவும் செய்தேன். அரண்மனைச் சுவர் ரொம்பக் கெட்டி.

இன்று சபை கலைந்த பிறகு, வெயில் இன்னும் தரையில் கிடக்கும்போதே, திரையை விலக்கினேன். முக்காலி மேல் ராணியம்மாவின் வாய்த்துணி கிடந்தது. மடிப்புக் கலையாமல்.

"அம்மா," என்றேன், "ஊரார் பிள்ளை பேரைச் சொன்னீங்க. உங்க பேரைச் சொல்லுங்களேன். மண்டபம் அதிரக் கூவறேன்."

பழவாசனை வந்தது.

துணி முக்காலியிலிருந்து எழுந்தது. ஆள் உட்கார்ந்திருந்தால் வாய் இருக்கும் உயரத்தில் நின்றது.

நடுவில் ஒரு குழி விழுந்தது. புடைத்தது. மறுபடி குழி விழுந்தது. துணி மெல்ல மெல்ல நனைந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.

இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.