கமேலியாவில் மீதி மூன்று

ஜனவரி ஏழாம் தேதி காலை பத்தரைக்கு வலேரியாவின் சமையலறையில் தொலைபேசி அடித்தது. கண்ணாடித் தோட்டத்தின் இயக்குநர் ஸ்மராண்டா பேசினார். கமேலியா மரத்தில் பூவை யாரோ வெட்டிவிட்டார்கள். யார் என்றும் தெரியும். இருந்தாலும், ஆளை வேலையை விட்டு அனுப்புமுன் விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தால் நல்லது. யாரும் வெளியே போகாதபடி வாசல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்.

வலேரியா காவல் துறையில் புலனாய்வு செய்து ஓய்வு பெற்றவர். அவர் போனை வைப்பதற்குள் கொழுந்தன் மிர்ச்சா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். மிர்ச்சாவும் ஓய்வு பெற்றவர்தான், பேருந்து ஓட்டியவர்.

"வண்டியை எடுக்கவா அண்ணி?"

"என்ன விஷயம்னு கேட்டியா?"

"திருட்டுதானே. மீதியைப் போற வழியில சொல்லுங்க."

விடியற்காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது. சோமேஷ் ஆறு உறைந்து கிடந்தது. காரிலிருந்து தோட்டத்து வாசலுக்கு நடப்பதற்குள் இருவர் தோள்களும் வெள்ளையாகிவிட்டன.

உள்ளே நுழைந்ததும் கோட்டறை. டிக்கெட் கொடுப்பதும் கோட்டு வாங்கி மாட்டுவதும் ரோடிகா ஒருத்திதான். மிர்ச்சா தொப்பியையும் மப்ளரையும் கோட்டின் கைக்குள் திணித்து, சுருட்டி நீட்டினார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கொடுப்பார்கள்.

"உதறிட்டுக் குடுங்க மாமா. தரையெல்லாம் குளமாகுது."

ஆணிகளில் ஏற்கெனவே இரண்டு கோட்டுகள் தொங்கின. ஆண்கள் அணியும் கறுப்புக் கோட்டு ஒன்று, அடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரோமக் காலர் வைத்த பழுப்புக் கோட்டு. வலேரியா அதன் தோளைத் தடவிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"ஆகஸ்டின் சார் வீட்டம்மாவோடது. குளிர்காலம் வந்தா ரெண்டு பேரும் வாராவாரம் வருவாங்க. இன்னிக்கும் ரெண்டு டிக்கெட்தான்."

உள்கதவைத் திறந்ததும் மிர்ச்சாவின் மூக்குக்கண்ணாடி ஆவியில் மூடிக்கொண்டது. முதலில் வாசனைதான் வந்தது. ஈர மண், எலுமிச்சை இலை, பெயர் தெரியாத ஏதோ ஓர் இனிப்பு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். பனைகள் கூரையைத் தொட்டு நின்றன. கூரைக்கு வெளியே பனி குவிந்திருந்தது. உள்ளே வாழை புது இலை விட்டிருந்தது. சிறுவயதிலிருந்து பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

கமேலியா கொஞ்சம் குளிர்ந்த மூலையில் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், கரும்பச்சை இலை, அதில் மூன்று வெள்ளைப் பூ. மரத்தின் கீழ் பெஞ்சில் ஆகஸ்டின் சார் உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். மடியில் ரோமத் தொப்பி. அதன் மேல் இரண்டு கையும்.

"நேத்து சாயங்காலம் அஞ்சு இருந்துது," என்றார் ஸ்மராண்டா. "பதினோரு வருஷத்துல இவ்வளவு பூத்ததே இல்ல. இன்னிக்கு யோவான் திருநாள், அந்தப் பேரு உள்ளவங்களுக்குப் பூ குடுக்குற நாள். இந்தத் தோட்டக்காரன் லிவியு கட்டிக்கப்போற பொண்ணு பேரு யோவானா. நேத்து என்கிட்ட பூ கேட்டான். முடியாதுன்னேன்."

லிவியு தூணோரம் நின்றான். கொதிகலன் கரி முகத்தில் அப்பியிருந்தது. "கேட்டேன். குடுக்கலை, விட்டுட்டேன். இந்த மரத்துக்கு ராவெல்லாம் அடுப்பு போட்டவன் நான். நானே வெட்டுவேனா? கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கு. இப்ப வேலை போச்சுன்னா அவ வீட்டுல என்ன சொல்வாங்க?"

"ஊர்ல ஒரே ஒரு யோவானாவா இருக்கா?" என்றார் வலேரியா. "கீழே ஏதாவது பூ விழுந்து கிடந்ததா?"

"இல்ல. அவன் அறை, என் அறை, ரோடிகா பை எல்லாம் பாத்தாச்சு. சாரைப் போய்ச் சோதிக்க முடியுமா?" என்றார் ஸ்மராண்டா.

வெட்டு சாய்வாக, சுத்தமாக இருந்தது. வலேரியா பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"அம்மா எங்க சார்?"

"கள்ளிச்செடி அறையில இருப்பா," என்றார் கிழவர், நிமிராமல்.

மிர்ச்சா ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அண்ணியை ஓரமாக இழுத்தார்.

"கள்ளி அறையில இல்ல. பனைப் பக்கம் இல்ல. கழிப்பறையையும் தட்டிப் பாத்துட்டேன். அந்தம்மாதான் அண்ணி. பூவோட பின்வாசல் வழியா போயிட்டாங்க."

"மைனஸ் பதினெட்டுல, கோட்டு இல்லாமலா?"

மிர்ச்சா தாடையைச் சொறிந்தார்.

வலேரியா ரோடிகாவைக் கூப்பிட்டார். "அந்தம்மாவை இன்னிக்குப் பாத்தியா?"

"கோட்டை என் கையாலதான் மாட்டினேன்."

"அம்மாவைப் பாத்தியா?"

ரோடிகா யோசித்தாள். "மூஞ்சியை யாரு பாக்குறா? நான் கோட்டைத்தான் பாப்பேன்."

"அதுதான். சார் கோட்டு இன்னும் சொட்டுது. அந்தக் கோட்டுல ஒரு துளி ஈரம் இல்ல. பைக்குள்ள மடிச்சுக் கொண்டுவந்த கோட்டு அது. யாரும் போட்டுக்கிட்டு வரலை."

ஸ்மராண்டா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வலேரியா கை காட்டினார்.

"கோபத்துல மரத்தைப் பாத்தீங்க மேடம், எண்ணிக்கையைப் பாக்கலை. அஞ்சுல மூணு மீதி. போனது ரெண்டு. லிவியு, உன் யோவானாவுக்கு எத்தனை பூ குடுப்பே?"

"ஒண்ணு. இல்லேன்னா மூணு. ரெண்டு பூவை நீட்டினா மூஞ்சியிலயே வீசுவா. நான் என்ன, அவளைப் புதைக்கவா போறேன்?"

சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. ஸ்மராண்டாவுக்கும் புரிந்தது. இந்த ஊரில் இரட்டைப்படையில் பூ எடுத்துப் போவது கல்லறைக்கு மட்டும்தான்.

"வந்தவங்க எல்லாரும் தொப்பியைக் கோட்டுக் கைக்குள்ள திணிச்சுக் குடுத்தோம்," என்றார் வலேரியா. குரல் தாழ்ந்திருந்தது. "ஒருத்தர் மட்டும் இந்த வெக்கையில ரோமத் தொப்பியை மடியில வெச்சிருக்கார். சார், அதை ரொம்ப நேரம் பொத்தி வைக்காதீங்க. பூவுக்கு மூச்சு முட்டும்."

கிழவர் கைகளை எடுத்தார். தொப்பிக்குள் இரண்டு வெள்ளைப் பூவும் ஒரு சின்னக் கத்தரியும் இருந்தன. ஓர் இதழ்கூட மடங்கவில்லை.

"அவளும் யோவானாதான்," என்றார். "அக்டோபர்ல எங்க பொண்ணு வீட்டுல இருந்தப்ப போயிட்டா. அவ பொறந்த மலைக் கிராமத்துலயே புதைச்சோம். இங்க யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா ஒரு டிக்கெட்தானே குடுப்பாங்க. இந்த மரம் பூக்கறதுக்காக முழு வருஷமும் காத்திருப்பா." அவர் லிவியுவைப் பார்த்தார். "பழி உன் மேல விழும்னு நினைக்கலைப்பா. கேட்டதும் எழுந்து சொல்லத்தான் பாத்தேன். சொன்னா, அவ இல்லேன்னும் சொல்லணுமே."

லிவியு உள்ளே போனான். விதை முளைக்கவைக்கும் பஞ்சும் ஓர் அட்டைப்பெட்டியும் எடுத்து வந்தான். மண்டியிட்டு, பூக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பஞ்சுக்குள் வைத்தான். கரி பிடித்த அந்த விரல்களிலிருந்து பூவில் ஒரு கறைகூடப் படவில்லை. மிர்ச்சா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படியே பஸ்ல போனா குளிர்ல கருத்துடும்," என்றான் லிவியு.

"பஸ் எதுக்கு?" என்றார் மிர்ச்சா. "என் கார்ல ஹீட்டர் நல்லா இருக்கு. அந்த மலை ரோடு எனக்கு அத்துப்படி."

ஸ்மராண்டா லிவியுவின் முன்னால் போய் நின்றார். "தப்பு என்னோடது," என்றார். பிறகு கத்தரியை எடுத்து, மரத்தில் ஒரு பூவை வெட்டி அவன் கையில் கொடுத்தார். "இது உன் யோவானாவுக்கு. ஒண்ணுதான்."

கோட்டறையில் ரோடிகா இரண்டு கோட்டுகளையும் எடுத்து வைத்தாள். கிழவர் கறுப்பை மாட்டிக்கொண்டார். பழுப்பை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி ஸ்மராண்டாவைப் பார்த்தார்.

"அடுத்த வாரமும் ரெண்டு டிக்கெட் குடுப்பீங்களா?"