துக்கடாவின் எஜமான்

நடுக்கூடத்தில் துக்கடா மறுபடியும் நின்றது. எதிரே நாற்காலி இல்லை, சுவர் இல்லை, வெறும் தரை. யாருக்கோ வழி விடுவதுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கி, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் நடந்தது.

துக்கடா நிஜ நாயில்லை. பாட்டரியில் ஓடுகிற, பழுப்பு வெல்வெட் போர்த்திய ரோபோ நாய்க்குட்டி. மூன்று நாளாக இதே கூத்து. தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்குப் போடுகிற நேரம் இன்னும் வரவில்லை. ஆனால் வெளியே பெய்த மழை, பொழுதை முன்கூட்டியே சாம்பலாக்கி, வெட்டுத் துணிக் குவியலின் கஞ்சி வாசனையோடு கூடத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்தது.

நடை தவறினால் போகட்டும். முதுகைத் தடவினால்தான் அது வாலாட்டும், பாருங்கள். இப்போது, கிட்டே ஒருவரும் இல்லாமல், ஆட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் அவளும் ஏழு வயது மகள் குட்டியும்தான். கணவனுக்கு வெளியூர் வேலை. துக்கடா தலைமாட்டில் இருந்தால்தான் குட்டிக்குத் தூக்கமே வரும். மகள் கண்மூடியபின் அங்கே இது யாருக்கு வாலாட்டுகிறதோ?

ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டாள்.

"கால் மூட்டுல நூல் சுத்தியிருக்கும்மா. தையல் வீட்டு நாயாச்சே, பட்டன் ஏதும் முழுங்கிடலையே?"

"வெளையாடாதீங்க அண்ணே. ஆளே இல்லாம வாலாட்டுது."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, துக்கடாவின் கால் திருகாணியைக் கழற்றினாள். மூட்டில் நிஜமாகவே ஒரு சிவப்பு நூல். பிடுங்கிவிட்டு, மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, மூடி, காதருகே வைத்துக் கேட்டாள். பத்து வருஷம் மிஷின் ஓட்டியவளுக்கு மோட்டார் எங்கே திணறுகிறது என்று காதே சொல்லிவிடும். திணறவே இல்லை. சத்தம் சுத்தமாக இருந்தது. கீழே விட்டாள். நடந்தது. நின்றது. ஒதுங்கியது.

"அப்ப பழைய ஞாபகத்தை அழிச்சிருங்க" என்றார் அவர். "வயித்துப் பட்டனை அமுக்கிப் பிடிங்க. கண்ணு நீலமாகும். அப்புறம் முதுகுல யாரு மொதல்ல கை வெக்கிறாங்களோ, அவங்கதான் எஜமான். 'டிங்'னு மணியடிச்சு கண்ணு பச்சையாச்சுன்னா பதிஞ்சாச்சு. பந்தோ செருப்போ, அவங்க கேக்குறதைக் கொண்டுபோய்க் குடுக்கும். பாப்பாவையே வெக்கச் சொல்லுங்க."

அமுக்கினாள். நீலம்.

அப்போதே தானாவது முதுகில் கை வைத்திருக்கலாம். ஆனால் விரலெல்லாம் எண்ணெய். எண்ணெய்க் கையால் வெல்வெட்டைத் தொடத் தையல்காரிக்கு மனசு வருமா?

"குட்டி, வாடி! வந்து துக்கடா முதுகுல கைய வை!"

"இதோ வரேம்மா!"

சமையலறைக் குழாயடியில் சோப்பு நுரைத்தபோது 'டிங்' என்று மணி கேட்டது. என் சமத்து, வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே கை துடைத்தபடி வந்தாள்.

மகள் அப்போதுதான் அறைவாசலைத் தாண்டினாள். இரண்டு கையிலும் கலர் பென்சில்கள்.

"நான் வர்றதுக்குள்ள நீயே வெச்சுட்டியாம்மா?"

துக்கடாவின் கண்கள் பச்சையாக எரிந்தன. முதுகில் வெல்வெட்டின் மயிர் அமுங்கி, கருத்து, ஒரு கையின் வடிவம். அவள் கண் தானாக அளந்தது. தன் கையைப்போல் ஒன்றரைப் பங்கு. விரல்கள் இன்னும் நீளம். பார்க்கப் பார்க்க அமுங்கிய மயிர் எழுந்தது. சுண்டுவிரல் பக்கமிருந்து. ஒவ்வொன்றாக.

கை எடுக்கப்பட்டுவிட்டது.

துக்கடா காதை உயர்த்தியது. எதையோ கேட்டுக்கொண்டது. நேராக மகளிடம் வந்து பாவாடை ஓரத்தைக் கவ்வியது.

"எங்கயோ கூப்பிடுதும்மா."

இழுத்தது. நடுக்கூடத்தை நோக்கி. அந்த வெறும் இடத்துக்கு.

தாவினாள். மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை நறுக்கென்று வெட்டினாள். மகளை வாரிக்கொண்டு சுவரோடு சுவராக உட்கார்ந்தாள். இடுப்பைச் சுற்றி இரண்டு கைகளையும் பூட்டிக்கொண்டாள்.

"வலிக்குதும்மா."

"பேசாதடி கண்ணு."

துக்கடா துணித்துண்டோடு நடுக்கூடத்துக்குப் போனது. தரையில் வைத்தது. அண்ணாந்து பார்த்தது. ரொம்ப உயரத்தில்.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

துக்கடாவின் தலை அசைந்தது. யாரோ நடக்க, அவரையே பார்ப்பதுபோல. மெதுவாக. இவர்கள் பக்கம்.

ஓர் அடி.

இன்னோர் அடி.

நின்றது.

வால் ஆடத் தொடங்கியது.

மகளின் உடம்பு தளர்ந்தது. "தலை தடவுனா தூக்கம் வருதும்மா" என்றாள், சொக்கிய குரலில்.

அவளுடைய இரண்டு கைகளும் மகளின் இடுப்பில் இருந்தன. கண்ணுக்கு நேரே, குட்டியின் உச்சந்தலை முடி அமுங்கிப் படிந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை. பிறகு மறுபடியும் நெற்றியிலிருந்து.