தொட்டில் கட்டிய உத்தரம்

கிர்மிட் என்ற ஒப்பந்தத்தில் கடல் கடந்து வந்த கூலிகள் குடியிருந்த லைன் வீடுகளைக் கரும்புக் கம்பெனி பிரித்துப் போட்டபோது, நல்ல உத்தரமாக ஒன்றைப் பார்த்து வீரசாமி மாட்டு வண்டியில் ஏற்றி வந்தான். ரக்கிரக்கி ஊருக்கு வெளியே, கரும்புக் காட்டோரம் அவர்கள் கட்டிய சொந்த வீட்டை அதுதான் தாங்கியது. உத்தரத்தின் நடுவில், துணி உரசி உரசித் தேய்ந்த ஒரு பள்ளம்.

"யாரோ தொட்டில் கட்டின இடம். நமக்கும் ஆச்சு," என்று சிரித்தான்.

அவன் மனைவி ஜான்கி அதே பள்ளத்தில் பழைய சேலையைக் கட்டிக் கைப்பிள்ளையைப் போட்டாள்.

இப்போது அந்தப் பிள்ளைக்குத்தான் காய்ச்சல். உடம்பு அடுப்புக் கல்லாய்க் கொதித்தது. காலையிலிருந்து முலையை வாயில் வைத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லை. மருந்து வாங்கப் போன வீரசாமி ஆற்று வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். பால் இறங்காவிட்டால் பிள்ளை தங்காது.

பகல்தான். ஆனாலும் மழை இருட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

நெற்றியில் போட்ட ஈரத்துணி மறுபடியும் காய்ந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு, பின்பக்கத்துத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் போனாள்.

கிரீச். கிரீச்.

காற்றாக இருக்கும் என்று துணியைப் பிழிந்தாள்.

காற்றே இல்லை. மழை நேராகக் கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினாள். தொட்டில் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது, ஆட்டிப் பழகின கை ஆட்டுவதுபோல. வீடெங்கும் வெட்டின கரும்பின் வாடை, வியர்வை வாடை. பிள்ளையின் நெற்றியில் ஓர் ஈரத்துணி கிடந்தது.

அவள் துணி அவள் கையில் இருந்தது.

வாரி எடுத்தாள். சூடு தணிந்திருந்தது. பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்தது. தோளில் போட்டதும், வயிறு நிறைந்த ஏப்பம் ஒன்று வந்தது.

பிள்ளையோடு மழையில் ஓடிப் பக்கத்துக் கரும்புக் காட்டுக் கதீஜா வீட்டில் விழுந்தாள். கதீஜா உத்தரம் வந்த அதே பழைய லைனில் கிர்மிட் காலத்தைக் கழித்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளையின் தலையைத் துவட்டினாள்.

"எங்க பக்கத்து ரூம்ல ஒருத்தி இருந்தா, தங்கச்சி," என்றாள் மெல்ல. "புள்ளைக்குக் காய்ச்சல், பால் குடுத்துட்டு வர்றேன்னு கெஞ்சினா. வேலை வாங்குற சர்தார் கேக்கல, கரும்பு வெட்டக் காட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டான். சாயங்காலம் வந்து, உத்தரத்துல கட்டின தொட்டில்ல பொணமாத்தான் பாத்தா."

"அவ என்ன ஆனாக்கா?"

"அவளும் ரொம்ப நாள் இருக்கல."

கதீஜா வீட்டில் பிள்ளை ஜான்கியிடம் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. காய்ச்சல் மறுபடி ஏறியது. விடிந்து, வெள்ளம் வடிந்து வீரசாமி கொண்டுவந்த மருந்தையும் துப்பிவிட்டது. நடந்ததைக் கேட்டதும் அவன் உத்தரத்தை வெட்டக் கோடாலியோடு வீட்டுக்கு நடந்தான். ஜான்கி பிள்ளையோடு பின்னாலேயே ஓடினாள்.

"வெட்டாதீங்க," என்று வாசலில் மறித்தாள்.

"புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

"புள்ள பொழைக்கணுங்க."

உள்ளே போய்ப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். முத்தமிட மனம் வந்தது. தைரியம் வரவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு, கிரீச்.

பால் கட்டி நெஞ்சு வலித்தது. ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. ஜான்கி கதவில் காதை வைத்தாள். உள்ளே அவள் பிள்ளை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.