ஏழாம் தாளில் எமன்

செல்போன் அலறியபோது அவன் சவரம் செய்துகொண்டிருந்தான்.

தலைவர்!

"உன் தம்பி செத்துட்டான்யா."

ரேஸர் கன்னத்தில் அப்படியே நின்றது.

"எப்படி?"

"கட்சி ஆபீஸ் மொட்டை மாடியில இருந்து விழுந்துட்டான். பத்து மணிக்கு டிவிக்காரங்க வர்றாங்க. இரங்கல் அறிக்கை ஒண்ணு எழுதிடு."

"எத்தனை நிமிஷத்துக்கு, தலைவரே?"

கேட்ட பிறகு, கேட்டது தான்தானா என்று யோசித்தான்.

பன்னிரண்டு வருடம் நிருபர். ஒன்பது வருடம் தலைவரின் மேடைப் பேச்சுகளை எழுதிய கட்சிக்காரன். இப்போது சொந்தமாக பி.ஆர். கம்பெனி, முதல் கஸ்டமரும் தலைவரே. ஊரார் சாவுக்கெல்லாம் கண்ணீர் எழுதியதில் அவனுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

"ரெண்டு நிமிஷம் போதும். குடிச்சிருந்தான்னு ஒரு வரி சேர்த்துக்கோ."

தம்பி குடிக்க மாட்டான். காலாவதியான மருந்தை ஆஸ்பத்திரிகளுக்கு விற்றது யார் என்று ஒரு மாதமாகத் தோண்டிக்கொண்டிருந்த நிருபர் அவன்.

ஆபீஸ் பின்பக்கம். சிமெண்ட் தரை. தம்பி குப்புறக் கிடந்தான்.

"கால் தவறிட்டார் சார்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"போஸ்ட்மார்ட்டம்?"

"எதுக்கு சார்? தலைவரே சொல்லிட்டாரே."

அவன் மண்டியிட்டான். தம்பியின் இடது ஷூவை மெதுவாகக் கழற்றினான். நோட்டை கையில வை, ரெக்கார்டரை சாக்ஸுக்குள்ள வை... தம்பி வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் சொல்லிக்கொடுத்தது.

இருந்தது.

பாத்ரூமைத் தாழிட்டுக்கொண்டு கேட்டான்.

"மருந்து ஃபைலைக் குடுத்துடு தம்பி." தலைவரின் குரல்.

"முடியாது சார்."

மூச்சிரைப்பு. இழுபறி. பிறகு... "அண்ணா..."

அவ்வளவுதான்.

அழ வேண்டும் போலிருந்தது. வரவில்லை. இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் ரெக்கார்டரும் மாடியிலிருந்து கால் தவறி விழும்.

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான்.

தலைவர் கேமரா முன்னால் மூக்குக்கண்ணாடி போட மாட்டார். வயசு தெரிந்துவிடுமாம். அதனால் கட்டை விரல் அளவுக்கு எழுத்து, தாளுக்கு மூன்றே வரி. மொத்தம் ஏழு தாள்.

"தலைவரே, ஒரு தடவை பார்த்துடுங்க. திருத்தம் ஏதாவது இருக்கா?"

"நீ எழுதினதுல நான் என்னிக்குய்யா திருத்தம் போட்டிருக்கேன்?"

பத்து மணி. பதினாலு மைக். எல்லாம் நேரலை.

தலைவர் வழக்கம்போலத் தொண்டை கரகரக்க வாசித்தார். ஆறாம் தாளில் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"...என் உடன்பிறவாத் தம்பியான அவர், இன்று காலை மொட்டை மாடியிலிருந்து..."

தாளைப் புரட்டினார்.

"...என் கையால் தள்ளப்பட்டு இறந்தார்."

வாசித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.



அவன் எழுந்துபோய், மைக்குகளுக்கு நடுவே ரெக்கார்டரை வைத்து பட்டனை அழுத்தினான். தம்பியின் கடைசி "அண்ணா" பதினாலு சேனல்களிலும் போனது. அப்போதுதான் அவனுக்குக் கண் கலங்கியது.

இன்ஸ்பெக்டர் கேமராக்களைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேறு வழியில்லாமல் தலைவரின் தோளில் கை வைத்தார்.

"டேய்... இதை எழுதினது நீதானேடா..." தலைவருக்கு நாக்குக் குழறியது.

அவன் பேனா மூடியைக் கழற்றினான்.

"ஆமா தலைவரே. திருத்தம் ஏதாவது இருக்கா?"